முதல் காணி: ஜேம்ஸ் ரூஸ் என்ற கமக்காரனின் தடம்

(மேற்கு சிட்னியில் தமிழ் வாசகர் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சிட்னியில் பிள்ளை வளர்க்கும் தமிழ்ப் பெற்றோருக்கு ஜேம்ஸ் ரூஸ் என்ற பெயரை நான் அறிமுகப்படுத்தத் தேவையில்லை. கார்லிங்ஃபோர்டில் அவர் பெயரில் இருக்கும் விவசாய உயர்நிலைப் பாடசாலையில் இடம் கிடைக்க வேண்டும் என்று எத்தனையோ வீடுகளில் விளக்கு நள்ளிரவு வரை எரிகிறது. பரமட்டாவை ஒட்டி ஓடும் பெருந்தெருவுக்கும் அவர் பெயர்தான். கம்பெல்டவுன் பக்கம் ரூஸ் என்றே ஒரு புறநகர் இருக்கிறது. ஆனால் அந்த மனிதர் யார், எங்கே பிறந்தார், எப்படிச் செத்தார் என்று கேட்டால் ‘முதல் விவசாயி’ என்ற இரண்டு சொற்களோடு நின்றுவிடுகிறோம்.

இன்று அந்த இரண்டு சொற்களுக்குப் பின்னால் போய்ப் பார்ப்போம். மண்ணைக் கொத்தி வாழ்ந்த ஒருவனுடைய வாழ்க்கையை, அவன் போய் ஏறக்குறைய இருநூறு ஆண்டுகளுக்குப் பிறகு எதை வைத்துத் தேடுகிறார்கள்? அரசன் பிறந்ததையும் இறந்ததையும் எழுத ஆள் இருந்தது. கமக்காரன் விதைத்ததை எழுத யார் இருந்தார்கள்? ரூஸுக்கு ஓர் அதிர்ஷ்டம் இருந்தது. ஒரே ஒரு நாள், ஒரே ஒருவர், அவர் தோட்டத்து வரம்பில் நின்று கேள்வி கேட்டு எழுதிக்கொண்டார். அந்தப் பக்கத்தைப் பற்றித்தான் நான் அதிகம் பேசப்போகிறேன். அதற்கு முன் மற்றத் தாள்களைப் பார்த்துவிடுவோம்.

இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையான கோர்ன்வாலில், லோன்செஸ்டன் என்ற ஊர்ப்பக்கம் 1759-இல் பிறந்தவர் ரூஸ். விவசாயத் தொழிலில் வளர்ந்தவர். அந்த இளமைக்காலம் பற்றி ஏடுகள் வாய் திறக்கவில்லை. உழுதார், அறுத்தார், கூலி வாங்கினார். அதையெல்லாம் யாரும் பதியவில்லை. அவர் முழுதாகத் தாளில் தெரிவது 1782-இல், அதுவும் குற்றவாளியாக. ஒரு வீட்டை உடைத்து இரண்டு வெள்ளிக் கைக்கடிகாரங்களைத் திருடினார் என்று போட்மின் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கைக்கடிகாரம் என்றால் இன்றைய மணிக்கூடு இல்லை. சட்டைப் பையில் வைக்கும் வகை. தண்டனை மரணம். பிறகு அது ஏழாண்டு நாடுகடத்தலாகக் குறைக்கப்பட்டது.

கடத்துவதற்கு அப்போது இடம் இல்லை. அமெரிக்கக் குடியேற்றங்கள் போரில் பிரிந்துகொண்டிருந்தன; அதுவரை கைதிகள் போய்ச் சேர்ந்த இடம் அதுதான். ஆபிரிக்காவுக்கு அனுப்புவதாக எழுதிவிட்டு, ரூஸைப் பிளைமவுத்தில் நங்கூரமிட்டிருந்த ‘டன்கேர்க்’ என்ற பழைய கப்பலுக்குள் அடைத்தார்கள். பாய்மரம் இழந்து சிறையாக மாறிய கப்பல் அது. தண்டனைக் காலத்தின் பெரும்பகுதி அங்கேயே கழிந்தது. 1787 மே மாதம் போர்ட்ஸ்மவுத்திலிருந்து புறப்பட்ட 11 கப்பல்களில் ‘ஸ்கார்பரோ’ என்ற கப்பலில் அவர் இருந்தார். 1788 ஜனவரி 26 அன்று சிட்னிக் குடாவில் அந்தத் தொகுதி கரை சேர்ந்தது. அன்று ஓர் அதிகாரியை முதுகில் சுமந்துகொண்டு தானே முதலில் தரையில் கால் வைத்ததாக ரூஸ் பிற்காலத்தில் சொல்லிவந்தார். நிரூபிக்க வழியில்லாத கதை. குடும்பக் கதைகளை நான் தள்ளிவிடுபவன் அல்லன். ஆனால் தேடுகிறவர் அவற்றைத் தனிப் பெட்டியில் வைக்க வேண்டும். ஆவணத்தோடு கலக்கக் கூடாது.

வந்தவர்களுக்குச் சோறு இல்லை. குடாவைச் சுற்றி மணல். கொண்டுவந்த விதையில் பெரும்பகுதி கடல்வழியில் வெப்பப்பட்டு முளைக்காமல் போனது. மாடுகள் சில மாதங்களில் காட்டுக்குள் ஓடிவிட்டன. மேற்கே உள்ளே போய் ரோஸ் ஹில்லில், அதாவது இன்றைய பரமட்டாவில், 1788 நவம்பரில் அரசாங்கப் பண்ணை தொடங்கினார்கள். 1789 முடிவில் அங்கே 200 புசல் கோதுமை அறுத்தார்கள். ஆயிரம் பேரளவில் இருந்த குடியேற்றத்துக்கு அது எந்த மூலைக்கு? அதை உண்ணாமல் விதைக்கென்று ஒதுக்கினார்கள். உணவு ஏற்றிவந்த ‘கார்டியன்’ கப்பல் 1789 டிசம்பரில் பனிப்பாறையில் மோதியது. 1790 மார்ச்சில் ‘சிரியஸ்’ கப்பலும் நோர்ஃபோக் தீவில் உடைந்தது. களஞ்சியப் பங்கீடு குறைந்துகொண்டே வந்தது.

இந்தப் பசிக்காலத்தில்தான் ரூஸ் ஆளுநர் ஆர்தர் பிலிப்பிடம் போனார். 1789 ஜூலையில் என் ஏழாண்டு முடிந்துவிட்டது, எனக்கு நிலம் தாருங்கள், கமம் செய்கிறேன் என்றார். ஆளுநரால் ஆம் என்றும் சொல்ல முடியவில்லை, இல்லை என்றும் சொல்ல முடியவில்லை. யாருக்கு எத்தனை ஆண்டு, எப்போது முடிகிறது என்ற பதிவுகள் கப்பல்களோடு வரவில்லை, இங்கிலாந்திலேயே விடுபட்டுவிட்டன. ஒரு மனிதனின் விடுதலையே ஒரு கட்டுத் தாளுக்காகக் கடல் கடந்து காத்திருந்தது.

பிலிப் நடைமுறை அறிந்தவர். உரித்தைக் கொடுக்காமல், 1789 நவம்பரில் பரமட்டாப் பக்கம் ஒரு துண்டு நிலத்தில் ரூஸை இருத்தினார். ஒரு குடிசை, கருவிகள், விதை, சில பன்றிகளும் கோழிகளும், களஞ்சியத்திலிருந்து உணவும் உடுப்பும். ஒரு குடியானவன் தன் உழைப்பில் தன்னைத் தானே காப்பாற்றிக்கொள்ள எவ்வளவு காலம் செல்லும் என்று ஆளுநர் அறிய விரும்பினார். அதனால்தான் அந்த நிலத்துக்குச் ‘சோதனைப் பண்ணை’ என்ற பெயர் நிலைத்தது. சோதிக்கப்பட்டது மண் மட்டுமா? கைதியாக வந்த ஒருவனை நம்பலாமா என்பதும்தான்.

இனி அந்தப் பக்கத்துக்கு வருகிறேன்.

வாட்கின் டெஞ்ச் கடற்படைக் காலாட்படையின் அதிகாரி. படித்தவர், கண்டதை எழுதும் பழக்கம் உள்ளவர். 1790 நவம்பரில் பரமட்டாத் தோட்டங்களைப் பார்க்கப் போனவர், ரூஸிடம் நேரே கேட்டு, அவர் சொன்னதை அவர் வாயால் சொன்னபடியே எழுதிக்கொண்டார். 1793-இல் இலண்டனில் வெளியான டெஞ்சின் நூலில் அது இருக்கிறது. அவருடைய நடையில் அல்லாமல், அதன் உள்ளடக்கத்தை நம் கமக்காரர் காதுக்குச் சொல்கிறேன்.

ஒன்றரை ஏக்கர் கூர்க்கோதுமை. அரை ஏக்கர் சோளம். சிறிய மரக்கறித் தோட்டம். கோதுமைக்கு மூன்று புசல் விதை. இந்த மண்ணிலேயே விளைந்த விதை. வீசி விதைத்தார். பன்னிரண்டு, பதின்மூன்று புசல் வரும் என்று எதிர்பார்த்தார். மேயில் விதைத்தது நன்றாக வந்திருக்கிறது, ஜூனில் விதைத்தது அவ்வளவு இல்லை என்றார். சோளம் எனக்குப் பழக்கமில்லாத பயிர், அதைப் பற்றி என்னால் மதிப்புச் சொல்ல முடியாது என்றும் சொன்னார். தெரிந்ததற்கும் தெரியாததற்கும் இப்படி வரம்பு கட்டிப் பேசுகிறவனிடம் தொழில் இருக்கிறது என்று நான் நம்புகிறேன்.

நிலத்தை ஆயத்தம் செய்த விதம்தான் இதில் உச்சம். வெட்டி விழுத்திய மரங்களை அந்த இடத்திலேயே எரித்து, சாம்பலை மண்ணுக்குள் தாழ்த்தினார். பிறகு மண்வெட்டி. ஒரு நாளைக்கு எட்டு, மிஞ்சினால் ஒன்பது ‘றொட்’. அது என்ன அளவு என்று அகராதியைத் தேட வேண்டாம். இலங்கைக் காணி உறுதிகளில் நாம் காணும் பேர்ச் அதுவேதான். பத்துப் பேர்ச் ஒரு பரப்பு. ஆக, ரூஸ் ஒரு நாளைக்குக் கொத்தியது ஒரு பரப்புக்குச் சற்றுக் குறைவு. கன்னி நிலம், வேர் நிறைந்த நிலம், அரைப் பட்டினி வயிறு. ஒன்றரை ஏக்கரையும் இந்தக் கணக்கில் ஒருமுறை கொத்தி முடிக்கவே ஏறக்குறைய ஒரு மாதம். அரசாங்கப் பண்ணையில் சுரண்டிவிட்டது போல் நான் செய்யவில்லை என்று அவர் சொன்னார். அந்தச் சொல்லில் ஒரு கமக்காரனின் பெருமையை நான் கேட்கிறேன். கைதிகளைக் கூட்டி வேலை வாங்கிய பண்ணைக்கும், தனக்கென்று கொத்தியவனின் தறைக்கும் உள்ள வித்தியாசம் அது.

பின் கட்டி உடைத்து, புல்லையும் களையையும் உள்ளே தாழ்த்தி, காற்றும் வெயிலும் படும்படி நிலத்தை இயன்ற வரை ஆறப்போட்டார். விதைக்கும் முன் மறுபடி முழுவதும் புரட்டினார். அறுத்த பிறகு கொத்திப் பொடியாக்கி டேர்னிப் கிழங்கு போடுவது அடுத்த திட்டம். மண் இளகும் என்று. வைக்கோலைக் குழிக்குள் போட்டு, உக்கக்கூடியது எதுவாயினும் அதனோடு சேர்த்துப் பசளையாக்குவது இன்னொரு திட்டம். யாழ்ப்பாணத்தில் குழை தாழ்த்திய கைகளுக்கு இதெல்லாம் விளக்கவே வேண்டியதில்லை. மண் நடுத்தரம், நன்றும் இல்லை கெட்டதும் இல்லை, எரு இருந்தால் சமாளிப்பேன், மாடு இல்லாவிட்டால் இது தோற்றுவிடும் என்பது அவர் தீர்ப்பு. கோர்ன்வாலில் கற்றதை வைத்து, வந்த இரண்டு மூன்று ஆண்டுகளில், ஒரு புதிய கண்டத்தின் மண்ணுக்கு அவர் எழுதிய நோய்க்குறிப்பு அது. மாட்டெரு இல்லாத காணியின் கதி என்ன என்பது பின்னாளில் பரமட்டாத் தோட்டக்காரர் பலருக்கும் தெரியவந்தது.

உதவிக்கு யார்? முன்பு ஆளுநர் தந்த ஒரு கைதியைத் திரும்ப எடுத்துவிட்டார்கள். இப்போது மனைவி மட்டும்தான், அவள் உழைப்பாளி என்றார். எலிசபெத் பெரி. 1790 ஜூனில் ‘லேடி ஜூலியானா’ கப்பலில் வந்த கைதிப் பெண். அதே ஆண்டு செப்டெம்பர் 5 அன்று கலியாணம். டெஞ்ச் வந்தபோது கலியாணமாகி இரண்டரை மாதம்கூட ஆகவில்லை. அந்தப் பக்கத்தில் அவளைப் பற்றி இருப்பது அந்த ஒரு சொல்தான். டெஞ்ச் அவளிடமும் கேட்டிருக்கலாமே என்று எனக்கு ஆதங்கம் உண்டு. விதைத்தது ஜேம்ஸ் என்று அவர் கல்லறைக் கல்லில் இருக்கிறது. பறவை விரட்டியது, களை பிடுங்கியது, கோழிக்கும் பன்றிக்கும் பார்த்தது, அடுத்த ஆண்டே பிள்ளையும் பெற்றுக்கொண்டு அதே வேலையைத் தொடர்ந்தது யார் என்று எந்தத் தாளிலும் இல்லை. நம் ஊர்க் கமத்திலும் இதே கதைதான். உறுதி ஐயா பெயரில். இடுப்பு ஒடிந்தது அம்மாவுக்கு.

கடைசியாக ரூஸ் ஒரு குறை சொன்னார். எவ்வளவு காவல் இருந்தும் கைதிகள் ஏறக்குறைய ஒவ்வோர் இரவும் வந்து திருடுகிறார்கள் என்று. எட்டு ஆண்டுகளுக்கு முன் அவரே திருட்டுக்காகத் தூக்குமரத்தின் கீழ் நின்றவர். இதைக் காட்டி அவரைக் கிண்டல் செய்தவர்கள் உண்டு. எனக்கு அதில் மனம் ஒப்பவில்லை. இழக்க ஒன்றும் இல்லாதிருந்தவனுக்கு இப்போது காக்க ஒன்று கிடைத்திருக்கிறது.

1791 பெப்ரவரியில், இனி எனக்குக் களஞ்சிய உணவு வேண்டாம் என்று ரூஸ் அறிவித்தார். பதினைந்து மாதங்களில் சோதனை முடிந்தது. 30 ஏக்கர், நம் கணக்கில் 480 பரப்பு, அவருக்கென்று ஆனது. 1792 பெப்ரவரி 22 தேதியிட்ட அந்த உறுதிதான் நியூ சவுத் வேல்ஸ் குடியேற்றத்தின் முதல் காணிக் கொடை.

இங்கே நான் நிற்க வேண்டும். கொடுத்தவர் கையில் அந்தக் காணி எப்படி வந்தது?

பரமட்டா என்ற பெயரே அந்த மண்ணின் மக்களிடமிருந்து வந்தது. தருக் மொழி பேசிய பரமட்டகல் குலத்தாரின் இடம் அது. 1789 ஏப்ரல், மே மாதங்களில் சிட்னியைச் சுற்றிய பூர்வகுடி மக்களிடையே பெரியம்மை பரவியது. அவர்களில் பாதிப்பேர் செத்துப்போனார்கள் என்று அவர்களுள் ஒருவரான பென்னலாங் ஆளுநரிடம் சொன்னார். ரூஸ் அந்த நிலத்தில் மண்வெட்டியோடு இறங்கியது அதே ஆண்டு நவம்பர். குகைகளிலும் கரைகளிலும் உடல்கள் கிடந்த காலத்துக்கு ஆறு மாதம் பின்னே. ஒரு காணியின் முதல் உறுதியை வாசிக்கிறவர்கள் அதற்கு முந்தைய மாதங்களையும் வாசிக்க வேண்டும். தானியம் என்று பார்த்தாலும், இந்த மாநிலத்தின் வடக்கே கடி ஸ்பிரிங்ஸ் என்ற இடத்தில் விதை அரைத்த கற்கள் கிடைத்திருக்கின்றன. அவற்றின் வயது ஏறக்குறைய 30,000 ஆண்டுகள். ‘முதல் விவசாயி’ என்று சொல்லும்போது, ஐரோப்பியருள் தனக்கென்று காணி பெற்ற முதல் கமக்காரர் என்று நிறுத்திச் சொல்வதே நேர்மை.

ரூஸ் அந்தக் காணியில் நிலைக்கவில்லை. 1793 ஒக்டோபரில் 40 பவுணுக்கு, ஜோன் ஹரிஸ் என்ற படை மருத்துவருக்கு விற்றார். இன்று ஹரிஸ் பார்க்கில், நாம் தோசையும் மளிகையும் வாங்கப் போகும் தெருக்களுக்கு அருகில், தேசிய மரபுரிமை அமைப்பு காக்கும் ‘எக்ஸ்பெரிமென்ட் ஃபார்ம் கொட்டேஜ்’ என்ற அழகான வீடு இருக்கிறது. அது ஹரிஸ் கட்டுவித்தது, 1830-களில். ரூஸ் அந்தக் கூரையின் கீழ் ஒரு நாளும் படுக்கவில்லை. நிலமே அவருடையது, வீடு அன்று.

1794 தொடக்கத்தில் ஹோக்ஸ்பரி ஆற்றங்கரையில் காணி பெற்ற முதல் 22 குடியேறிகளில் அவரும் ஒருவர். வண்டல் மண், பரமட்டாவைவிட மிகுந்த விளைச்சல். ஆனால் அந்தக் கரையில்தான் தருக் மக்களின் கிழங்குகள் விளைந்தன. கிழங்கைப் பிடுங்கிவிட்டுச் சோளம் நட்டார்கள், பசித்தவர்கள் சோளத்தை எடுத்தார்கள், துப்பாக்கி வந்தது. 1795-இல் படையே அனுப்பப்பட்டது. எதிர்ப்பட்டவர்களைக் கொன்று தொங்கவிடும்படி கட்டளை இருந்ததாக அக்கால அதிகாரி டேவிட் கொலின்ஸே எழுதிவைத்திருக்கிறார். ரூஸ் அதில் என்ன செய்தார் என்று காட்டும் தாள் எதையும் நான் கண்டதில்லை. அவர் விதைத்தது அந்தப் போரின் நடுவில் என்பது மட்டும் உறுதி.

பிறகு வந்தவை கடனும் வெள்ளமும். 1806-இல் ஹோக்ஸ்பரி கரைபுரண்டு பயிரையும் களஞ்சியத்தையும் அடித்துக்கொண்டு போனது. ரூஸ் விற்றார், வேறிடம் பெற்றார், மறுபடி தொடங்கினார். 1828-இல் இந்தக் குடியேற்றத்தின் முதல் குடிசன மதிப்பு எடுத்தபோது அவர் மிண்டோப் பக்கம் வேறொருவர் பண்ணையில் மேற்பார்வையாளர். வயது எழுபதை எட்டுகிறது. முதல் உறுதிக்காரன் கடைசியில் பிறர் நிலத்தில் சம்பளத்துக்கு. இது அவருடைய சோம்பலால் வந்ததென்று நான் நினைக்கவில்லை. சம்பளமும் வியாபாரமும் கைவசம் இருந்த அதிகாரிகளுக்கு ஒரு கெட்ட ஆண்டைத் தாண்ட முடிந்தது. மண்வெட்டி மட்டும் இருந்தவனுக்கு முடியவில்லை. நிலம் கை மாறிய திசையைப் பார்த்தாலே இது விளங்கும்.

எலிசபெத் 1836-இல் இறந்தார். ஜேம்ஸ் 1837 செப்டெம்பர் 5 அன்று. கலியாணம் நடந்ததும் அதே தேதி. இருவரும் கம்பெல்டவுனில் புனித யோவான் கத்தோலிக்கச் சேமக்காலையில் அடக்கம்.

அவர் கல்லைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பேச்சை முடிக்க முடியாது. அதில் உள்ள வாசகத்தை அவரே ஆக்கியதாகச் சொல்கிறார்கள். எழுத்துப்பிழை நிறைந்தது, காதில் விழுந்தபடி எழுதிய கோர்ன்வால் உச்சரிப்பு. தாய் தன்னை அன்போடு வளர்த்ததையும், இந்தக் குடியேற்றத்தில் முதல் தானியத்தை விதைத்தது தான் என்பதையும், பரலோகத் தந்தையோடு இருக்க நம்புவதையும் சொல்கிறது. வயது 77 என்கிறது. 1759 ஆகஸ்ட் பிறப்பைக் கணக்கிட்டால் 78. முதல் தானியம் என்பதும் கணக்கில் சரிவராது, அரசாங்கப் பண்ணை அவருக்கு முன்பே அறுத்துவிட்டது. வரலாற்று மாணவன் இரண்டையும் திருத்த வேண்டும். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். நீதிமன்றம் அவரைத் திருடன் என்று எழுதியது. கப்பல் அவரைக் கைதி என்று எழுதியது. குடிசன மதிப்பு அவரைப் பிறர் பண்ணையின் மேற்பார்வையாளர் என்று எழுதியது. தன்னைப் பற்றித் தானே எழுத ஒரு கல் கிடைத்தபோது அவர் எழுதியது, நான் விதைத்தேன் என்பது.

அவருடைய வழித்தோன்றல்கள் இன்று பலர். முதல் கப்பல்தொகுதியில் வந்தவர்களின் சந்ததியினர் 1968-இல் சங்கமே அமைத்து, மூதாதையரின் கல்லறைகளைத் தேடிப் பெயர்ப்பலகை பதிக்கிறார்கள். ஆனால் அதற்கு முந்தைய தலைமுறைகள் கைதி வம்சம் என்ற வெட்கத்தில் இந்தக் கதைகளை மறைத்தன. மறைத்ததில் எத்தனையோ விபரம் அழிந்தது. டெஞ்சின் அந்தப் பக்கம் இல்லாவிட்டால் ரூஸும் ஒரு வழக்கு எண், ஓர் உறுதி, ஒரு கல் என்ற அளவில் முடிந்திருப்பார்.

இந்த மண்டபத்தில் இருக்கும் பலருக்கு அப்புவோ அம்மப்பாவோ கமக்காரர். 1930-களில் இரணைமடுக் குளத்தை நம்பிக் கிளிநொச்சிக் காட்டுக்குப் போய், மரம் தறித்து, யானைக்கும் மலேரியாவுக்கும் நடுவே முதல் போகம் விதைத்தவர்களின் பேரப்பிள்ளைகள் இங்கே இருக்கிறீர்கள். உறுதிகள் போரில் எரிந்திருக்கலாம். ஒல்லாந்தர் எழுதிய தோம்புகள் கொழும்பில் இருக்கலாம். அவற்றில் காணியின் எல்லை இருக்கும். கமக்காரன் இருக்க மாட்டான்.

ஆகவே உங்களிடம் ஒன்று கேட்கிறேன். வீட்டில் எண்பது வயதைத் தாண்டிய ஒருவர் இருந்தால், இந்த வார இறுதியிலேயே டெஞ்ச் போல் பக்கத்தில் உட்காருங்கள். என்ன நெல் விதைத்தீர்கள், எந்த மாதம், எத்தனை புசல், தண்ணீர் யார் முறை, எரு எங்கிருந்து, எந்த வருடம் தோற்றது, ஏன் என்று கேளுங்கள். அம்மம்மாவிடம் தனியாகக் கேளுங்கள்; ஐயாவின் பதிலோடு சேர்த்துவிடாதீர்கள். உங்களுக்கு முன் அந்தக் காட்டில் யார் இருந்தார்கள் என்றும் கேளுங்கள். சொன்னதைச் சொன்னபடி, ஊர், ஆண்டு, பெயர் இட்டுத் தமிழில் எழுதுங்கள். ஒரு படியைப் பிள்ளைகளுக்குக் கொடுங்கள், இன்னொரு படியை நூலகம் எண்ணிம நூலகத்துக்கு அனுப்புங்கள்.